அனுப்பியவரை நம்பினால் மட்டும் அழுத்தவும்

அன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் சுகத்தைத் தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். அது கெட்டுப்போன விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் என் மனைவி உங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்து பேசியதை நீங்கள் முழுவதும் கேட்டிருக்க மாட்டீர்கள், பாதியில் சம்பந்தியம்மா ரிசீவரைப் பிடுங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கேட்காத பாதியைக் கேட்காமலே விட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்ற எனக்கே இன்னும் காது அடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். மேலே எங்கள் பள்ளியின் சின்னமும் முகவரியும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெற்றோருக்குச் சுற்றறிக்கை அடிப்பதற்காக மாப்பிள்ளை போன வருடம் செய்து கொடுத்த கோப்பில்தான் தட்டச்சு செய்கிறேன். வழக்கமாக எங்கள் அலுவலக எழுத்தர்தான் இதைத் திறப்பார், மூடுவார். ஓரம் எல்லாம் அழகாகத் தானே அமைந்துவிடுகிறது என்பதால் எடுத்துக்கொண்டேன். கையால் எழுதலாம் என்றால், இப்போது இருக்கிற குழப்பத்தில் என் எழுத்து எனக்கே புரியவில்லை.

நடந்தது இதுதான். துணைத் தலைமையாசிரியன் என்ற பாவத்துக்கு, பள்ளியின் கால அட்டவணை போடுகிற வேலை ஒவ்வொரு வருடமும் என் தலையில்தான் விழும். எந்த ஆசிரியர் எந்தப் பாடவேளையில் எந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருந்துவிடக் கூடாது. இதற்காக நான் விடுமுறை முழுவதும் பென்சிலும் ரப்பருமாக அலைவதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை தன் வேலைக்கு நடுவே ஒரு கோப்பு செய்து அனுப்பினார். அதில் ‘நிரப்பு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டங்கள் எல்லாம் தானே நிரம்பிவிடும். கோப்புக்குள் மேக்ரோ என்று ஒன்றை வைத்திருக்கிறார், நமக்குப் பதிலாக அது வேலை செய்யும் என்று விளக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன், என் மாப்பிள்ளை செய்தது, என் மாப்பிள்ளை செய்தது என்று.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியை முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கூடியவர், எங்களுக்குப் பழக்கம். நான் புரொஜெக்டரைப் போட்டு, கோப்பைத் திறந்து, ‘நிரப்பு’ பொத்தானை ஒரு தோரணையோடு அழுத்தினேன். ஒன்றும் நிரம்பவில்லை. அதற்குப் பதில், சுவர் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பட்டை வந்து நின்றது. எங்கள் கணினியில் எல்லாம் தமிழில்தான் வரும், தமிழாசிரியரின் பிடிவாதம். அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: ‘பாதுகாப்பு ஆபத்து. இந்தக் கோப்பின் மூலம் நம்பத்தகாதது. மேக்ரோக்கள் தடுக்கப்பட்டுள்ளன.’

விசிலைத் தவிர வேறெதையும் வாயில் வைத்துப் பழக்கமில்லாத விளையாட்டு ஆசிரியர்தான் முதலில் பேசினார்.

“என்ன சார், ஃபைலுக்கு மூலமா? ரொம்ப நேரம் உக்காந்தே இருந்தா வரும் சார் அது.”

“அந்த மூலம் இல்லய்யா,” என்றார் தமிழாசிரியர். “மூலம்னா பிறப்பிடம். எங்கேருந்து வந்துச்சோ, அந்த இடம் சரியில்லைங்குது.”

தலைமையாசிரியை அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டார். “எங்கேருந்து சார் வந்துச்சு?”

“என் மாப்பிள்ளைகிட்டேருந்து மேடம்,” என்றேன்.

நம்பத்தகாத இடத்தில் பெண்ணைக் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணித ஆசிரியை எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல மாமா, இணையத்துல வந்த கோப்புன்னா இப்பல்லாம் அப்படித்தான் மிரட்டும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோங்க” என்றார். ஃபோனைச் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடி எடுக்க உள்ளே போனேன். சம்பந்தி, என் வாழ்க்கையில் நான் ஒரு கண்ணாடிக்காக இவ்வளவு பெரிய விலை கொடுத்ததில்லை. மேசையின் அந்தப் பக்கம் என் மனைவி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காதில் குறை ஒன்றும் இல்லை. காதில் விழுவதற்கு முன்பே புரிந்துவிடும், அதுதான் குறை.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் நாங்கள் இருப்பது முன்பக்க பிளாக். பின்பக்க பிளாக்கில், கீழே, வலது ஓரத்தில் எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. அளவில் சின்னது என்றுதான் சொல்கிறேன், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் என் மனைவி தையல் மிஷின்களை வைத்து வகுப்பு நடத்துகிறாள். அந்த இடம் அவளுக்கு உயிர். இனி, நான் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தபோது அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடந்த பேச்சு, அவள் காதில் விழுந்தபடி:

“மாமா, ப்ராப்பர்ட்டீஸ்ல போங்க. போயி அந்த பிளாக் குடுங்க.”

“மாமா உள்ள இருக்கார், நான் அத்தை. எத குடுக்கணும் மாப்பிள்ளை?”

“அந்த பிளாக் அத்தை. ப்ராப்பர்ட்டீஸ்ல கீழ இருக்கும் பாருங்க, வலது பக்கம் ஓரத்துல.”

“தெரியும். இப்பவே குடுக்கணுமா?”

“இப்பவே குடுத்துட்டா நல்லது. இல்லன்னா நாளைக்கு எல்லார் முன்னாடியும் மாமாதான் அசிங்கப்படுவாரு.”

“எழுதிக் குடுக்கணுமா?”

“சேச்சே, எழுத்தெல்லாம் வேணாம் அத்தை. ஒரு டிக் அடிச்சா போதும். மாமாவுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, நானே உள்ள வந்து எடுத்துக்கறேன்.”

கண்ணாடியோடு நான் திரும்பியபோது ஃபோன் அணைந்திருந்தது. பீன்ஸ் தரையில் கிடந்தது. கத்தி மட்டும் அவள் கையில் இருந்தது. “உங்க மாப்பிள்ளை பின்பக்க பிளாக்கக் கேக்கறார்” என்றாள். தலையில் இடி விழுந்தமாதிரி இருந்தது எனக்கு. நான் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்காருவதற்குள் அவள் உங்கள் நம்பரைப் போட்டுவிட்டாள். பெண்ணைக் கொடுத்தது போதாதா, உயிரோடு இருக்கும்போதே கேட்க எப்படி மனசு வந்தது, இதுதான் பிள்ளை வளர்த்த லட்சணமா என்றெல்லாம் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டாள். சம்பந்தியம்மாவும் சளைக்கவில்லை என்பதை மரியாதையோடு குறிப்பிடுகிறேன். அதன்பின் மகள் கூப்பிட்டாள், அவளிடமும் அதே பாட்டு. மாப்பிள்ளை எனக்கு ஏதோ படம் அனுப்பியதாக ஃபோன் கூவியது. இருந்த ஆத்திரத்தில் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளி திறந்தது. அட்டவணையைக் கையாலேயே நிரப்பிக்கொண்டு போனேன். எந்த மனநிலையில் நிரப்பியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஏழாம் வகுப்புக்குள் கணிதம், அறிவியல், தமிழ் என்று மூன்று ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் நுழைந்து, நீங்க எடுங்க, இல்ல நீங்க எடுங்க என்று மணி அடிக்கும்வரை உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆளே போகவில்லை. பத்தாம் வகுப்புக்குக் காலையிலிருந்து விளையாட்டு மட்டும்தான். பிள்ளைகள் களைக்கவில்லை, விளையாட்டு ஆசிரியர்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் சாய்ந்தார். தன் பையனை முன்பெஞ்சில் உட்கார வை என்று வருடம் முழுவதும் என் உயிரை வாங்குகிற ஒரு அப்பா, அவனை மைதானத்தில் முன்வரிசையில் ஓடவிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார். அவரிடமிருந்து தப்பிக்கத்தான் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். மாப்பிள்ளை அனுப்பிய படம் கண்ணில் பட்டது.

அது அவருடைய கணினித் திரையின் படம். மேலே ஆங்கிலத்தில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்று இருந்தது. கீழே, வலது ஓரத்தில், ஒரு சின்னக் கட்டம். அதைச் சுற்றி மாப்பிள்ளை சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த சொல்லை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். அன்பிளாக். இன்னொரு முறை படித்தேன். அன்பிளாக் குடுங்க. தானே உள்ளே வந்து எடுப்பதாக அவர் சொன்னதும் என் கணினிக்குள் வந்து அந்தத் தடையை எடுப்பதைத்தான். படத்தின் கீழே, “அத்தை ஏன் ஃபோன வெச்சுட்டாங்கன்னு தெரியல மாமா. இங்க டிக் அடிச்சா தடை போயிடும்” என்று எழுதியிருந்தார். போய் அடித்தேன். கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. எல்லா ஆசிரியரும் அவரவர் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் மட்டும் போக இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி, “அன்பிளாக்னு தெளிவாச் சொல்லியிருக்கலாம்ல” என்றாள். அவளுக்கு வெட்கம். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லாததால் அது கோபமாக வருகிறது. நானே மகளுக்குக் கூப்பிட்டு விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அம்மா காதுல தப்பா விழுந்துச்சு, சரிப்பா. உங்களுக்கு என்ன ஆச்சு? அவர் அப்படிக் கேக்கற ஆளான்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? ஒரு ஃபோன் போட்டு அவர்கிட்டயே கேட்டிருக்கலாம்ல? அவருக்கு அதுதான் ஆறல.” இந்தச் சனிக்கிழமை இருவரும் வருவதாக இருந்தது, வரப்போவதில்லையாம். ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிற மாப்பிள்ளை போன ஞாயிறு கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. சம்பந்தி, எனக்கு ஒரே மகள். என்னை மாமா என்று கூப்பிட உலகத்தில் இருப்பது அந்த ஒரு ஆள்தான். கணினி அவரை நம்பாதே என்றது, நானும் நம்பாமல் போனேன். நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆகவே நீங்கள்தான் அவரிடம் பேச வேண்டும். மாமா புத்தி கெட்டுப்போனார் என்று நீங்களே சொன்னால் அவர் நம்புவார். இன்னொன்றும் சொல்லுங்கள். இன்று இந்தச் சுற்றறிக்கைக் கோப்பைத் திறந்ததும் மறுபடி ஒரு பட்டை வந்தது, மஞ்சளில். மேக்ரோ இருக்கிறது, ஆபத்தாக இருக்கலாம், அனுப்பியவரை நம்பினால் மட்டும் அழுத்தவும் என்று. நான் மேற்கொண்டு ஒரு எழுத்துப் படிக்கவில்லை. என் மாப்பிள்ளை செய்த கோப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அவருக்கு நான் செய்யக்கூடிய பிராயச்சித்தம் இப்போதைக்கு அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் உரித்தாகட்டும். சம்பந்தியம்மாவுக்கு இரண்டில் எதை ஏற்பாரோ அதைச் சொல்லுங்கள். தலைமையாசிரியை தூங்குவது பற்றி எழுதியது வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் சம்பந்தி

பி.கு.: இதைக் கையால் எழுதுகிறேன், இனி அந்தக் கோப்பைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. மேலே உள்ளதை அச்சடித்துவிட்டு மூடினேன். மூடியதும் ஒரு பெட்டி வந்து, ‘சுற்றறிக்கை பெற்றோர், ஆசிரியர் அனைவருக்கும் அனுப்பப்பட்டது’ என்றது. கோப்பை மூடியதும் எல்லோருக்கும் அனுப்பிவிடுவதுதான் அந்த மேக்ரோவின் வேலையாம். சின்ன வீடு உள்பட ஒரு வரி விடாமல் போயிருக்கிறது. முன்பெஞ்சு அப்பா உடனே பதில் போட்டிருக்கிறார், இன்னும் திறக்கவில்லை. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், இனிக் கிழித்து என்ன பயன்.

சோதனைக்காக மாப்பிள்ளை தன் முகவரியையும் அந்தப் பட்டியலில் வைத்திருந்தாராம். அவர்தான் முதலில் கூப்பிட்டார். “மாமா, மஞ்சளா ஒரு எச்சரிக்கை வந்துச்சே, படிக்கலயா?” என்றார். “படிச்சேன் மாப்பிள்ளை. அனுப்பினவர நம்பினா அழுத்துன்னு இருந்துச்சு, அழுத்திட்டேன்” என்றேன். “சனிக்கிழமை வர்றோம் மாமா. அத்தைகிட்ட சொல்லிடுங்க, பிளாக் எதுவும் வேணாம்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது, சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. ஆகவே நீங்கள் பேச வேண்டிய அவசியம் இல்லை. தலைமையாசிரியை மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. தூங்குகிறார் என்று நம்புகிறேன்.