கௌரிசங்கரின் ஸ்மால் ஸ்கேல் வேட்டை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். இந்தக் கதையில் எல்லா வினையும் போனில்தான் ஆரம்பிக்கிறது. அஜ்மானில் குடியிருந்த ஒரு சாதுவான மனுஷன், கொசுவைக்கூட மூன்றாவது அடியில்தான் அடிக்கிறவர், துப்பாக்கியிடம் எப்படி மாட்டிக்கொண்டார் என்று சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதில் யாருக்கும் அடிபடாது. மனசுக்குத்தான் கொஞ்சம் படும்.

"சார், இந்த வருஷம் வந்ததை வாங்காதீங்க. பழசு எங்கயாவது கிடைச்சா பாருங்க."

பேசியது தன் வாய்தானா என்று கௌரிசங்கருக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கத்தான் முதலாளியின் அறைக்குள் போயிருந்தார். துபாயில் குளியலறைச் சாமான் இறக்குமதி செய்கிற கம்பெனி அது. அங்கே பதினான்கு வருஷமாக இவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். முதலாளியை எல்லோரும் அர்பாப் என்பார்கள், இவரும் அப்படியே.

அர்பாபின் மேஜைமேல் ஒரு துப்பாக்கிக் கேட்டலாக் விரிந்து கிடந்தது. டெல்பர்ன் என்ற கம்பெனியின் புது லீவர் ரைஃபிள். விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக உள்ளே வந்து உட்காரும். அந்தப் படத்தைத்தான் அர்பாப் தன் சிநேகிதர் அபு ஹமதுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அர்பாப் இந்தியும் இங்கிலீஷும் கலந்து கேட்டார்: "ஏன் வாங்கக் கூடாது?"

"ஃபாக்டரி கைமாறிடுச்சு சார். பேர் அதே பேர்தான், பழைய ஆளுங்க யாரும் இல்ல. மரமும் இரும்பும் சேர்ற இடத்துல சந்து தெரியுது. லீவரை இழுத்தா மணல் அரைக்கிற சத்தம் வருது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். தினமும் காலையில் அஜ்மானிலிருந்து, மாதக் காசு கொடுத்துப் பங்கு போட்டு வருகிற கார் லிஃப்டில் ஐந்து பேரோடு நெருக்கிக்கொண்டு வருவார் கௌரிசங்கர். ஒன்றரை மணி நேரம் டிராஃபிக். அந்த நெரிசலில் தற்செயலாக ஒரு வீடியோ அவர் போனில் வந்து விழுந்தது. தொப்பி போட்ட ஒரு கிழட்டு அமெரிக்கர் மர பெஞ்சில் உட்கார்ந்து ஒரு லீவர் ரைஃபிளை மெள்ள மெள்ளப் பிரித்துப் போட்டு, அதைச் செய்த கம்பெனியைத் திட்டிக்கொண்டே திரும்பப் பூட்டினார். அவர் பேச்சில் இவருக்கு ரத்தக்கொதிப்பு இறங்கியது. அன்றிலிருந்து மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல் பார்த்துவிட்டார்.

ஆனால் அதை இப்போது எப்படிச் சொல்வது? மாதக் கடைசியில் நான்கு பேரை ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. வேலை போனால் விசா போகும். அவர் விசா போனால் மனைவி சந்திரகலா, மகள் ஸ்வாதி இருவர் விசாவும் கூடவே போகும். ஸ்வாதி பன்னிரண்டாம் வகுப்பு; பரீட்சைக்கு நாலு மாதம்தான் பாக்கி. நடு வருஷத்தில் திருச்சியில் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? இந்த நேரத்தில் போய், நான் வீடியோ பார்க்கிறேன் என்றால், டூட்டி நேரத்திலா என்று கேட்பார்.

"எங்க ஊர்ல கொஞ்சம் அனுபவம் சார்."

"வேட்டையா?"

"ஸ்மால் ஸ்கேல், சார்."

அவருடைய மொத்த அனுபவம், கல்லூரியில் படித்தபோது பொருட்காட்சியில் பலூன் சுட்டது. ஆறு குண்டு, ஒரு பலூன். அதுவும் வெயிலுக்குத் தானே வெடித்தது என்று கடைக்காரன் பரிசு தர மறுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சந்திரகலா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கறவர் நீங்க. வேட்டைன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"வாய் தவறி வந்துடுச்சு கலா."

"வாய் தவறினா ஒரு வார்த்தை தவறும். கம்பெனி பேர், ஃபாக்டரி, மரம், இரும்பு, அத்தனையுமா தவறும்?"

ஸ்வாதி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அப்பா, ஜஸ்ட் ட்ரூத்தைச் சொல்லிடுங்க. சிம்பிள்."

அதுதான் சரி என்று மறுநாள் காலையில் கிளம்பினார். அர்பாப் அறை வாசலிலேயே மேனேஜர் கலீலுர் ரஹ்மான் மறித்துக்கொண்டார். கீழக்கரைக்காரர், நல்ல மனுஷர்.

"எங்க போறிய கௌரி?"

"வேட்டைன்னு சொன்னது பொய்னு சொல்லிடலாம்னு, பாய்."

"புத்தி கெட்டுப் போச்சா? இப்பப் போயி பொய்யின்னு சொன்னா, பதினாலு வருசமா ஸ்டாக் எண்ணிக் கொடுத்ததும் இப்படித்தானான்னு கேப்பாரு." குரலை இறக்கினார். "லிஸ்ட்டு திங்கக்கிழமை கையெழுத்தாவுது. மூணு பேரு எழுதியாச்சு. நாலாவது எடத்தை நானே பாத்துக்கிறேன்னு அர்பாப் சும்மா விட்டு வச்சிருக்காரு. அதுவரைக்கும் வாயைத் தொறக்காம இரிங்க."

வாயைத் திறக்காமல் இருந்தார். சாயங்காலம் அர்பாபே கூப்பிட்டார். "யல்லா, கிளம்பு, மஜ்லிசுக்கு வா. நேற்று சொன்னதை என் சிநேகிதர்களுக்கும் சொல்."

மஜ்லிஸ் என்றால் சிநேகிதர்கள் கூடிப் பேசுகிற அறை. அதில் அர்பாபையும் சேர்த்து ஐந்து பேர். சுற்றிலும் மெத்தை, நடுவில் பேரீச்சம்பழம், கஹ்வா என்கிற அரபுக் காப்பி. கௌரிசங்கர் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டார்கள்.

"லீவர் ரைஃபிள் என்றால் வால்நட் மரம்தான். இப்போது வருகிறதே கறுப்புப் பிளாஸ்டிக், அது துப்பாக்கியா, குடையா?" இது அபு ஹமது.

"வெயிலில் மரம் வெடிக்கும். பிளாஸ்டிக்தான் நிற்கும். டார்ச் மாட்டவும் வசதி," என்றார் கார் உதிரிபாகம் விற்கிற சிநேகிதர்.

"டார்ச் எதற்கு, நீ என்ன மின்சார இலாகாவா? எனக்கு அந்த சேஃப்டி பொத்தான்தான் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் பொத்தானா இருந்தது? விரல்தான் சேஃப்டி." இது மூன்றாமவர்.

நான்காமவர் எல்லோரையும் கையமர்த்தினார். "அமெரிக்காவில் செய்வதைவிட இத்தாலியில் செய்கிற நகல்தான் இப்போது ஒழுங்காக இருக்கிறது. டெல்பர்னைச் செய்தவர்களைக் கூப்பிட்டு நகலைக் காட்டிக் கற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும்."

அர்பாப் மட்டும், "ஃபாக்டரி கைமாறிவிட்டது, மணல் அரைக்கிற சத்தம் வரும்," என்று கௌரிசங்கர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். பிறகு ஐந்து பேரும் கௌரிசங்கரைப் பார்த்தார்கள்.

"மரம் நல்லதுதான் சார்," என்றார் இவர். அபு ஹமது தொடையைத் தட்டினார். கார் உதிரிபாகக்காரர் முகம் தொங்கியது. "பிளாஸ்டிக்கும் நல்லதுதான்," என்றார் உடனே. இப்போது அபு ஹமது முகம் தொங்கியது. ஒருவரைத் தூக்கினால் இன்னொருவர் இறங்கினார். பொத்தான் வேண்டுமா வேண்டாமா என்று மூன்றாமவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, கௌரிசங்கருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பிக்க ஒரே வழிதான் தெரிந்தது.

"கையில எடுத்துச் சுட்டுப் பாக்காம கருத்துச் சொல்றது தப்பு சார்."

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கஹ்வாவைக் குடித்தார்கள். அர்பாப் முகம் கறுத்துப்போனதைக் கௌரிசங்கர் பார்த்தார். போச்சு, முதலாளியின் சிநேகிதர்களைக் குத்திக்காட்டிவிட்டோம், நாலாவது இடத்தில் நம் பேர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அபு ஹமதுதான் முதலில் குவளையைக் கீழே வைத்தார். "அவர் சொல்வதும் நியாயம். சனிக்கிழமை துப்பாக்கி சுடுகிற கிளப்புக்குப் போவோம். அங்கே ஒரு டெல்பர்ன் வந்திருக்கிறதாம்."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் அர்பாப், யாருக்கோ துக்கம் சொல்வதுபோல.

திரும்பி வருகிற வழியெல்லாம் கௌரிசங்கர் மனசுக்குள் மூட்டை கட்டினார். ஆளுக்கு முப்பது கிலோ லக்கேஜ். கிரைண்டரை விட்டுவிட வேண்டியதுதான். ஸ்வாதியின் கெமிஸ்ட்ரி புத்தகமே ஆறு கிலோ இருக்கும். சந்திரகலா பால்கனியில் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? அதை எண்ணியதும் கார் லிஃப்டில் பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், கண்ணுல தூசியா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை வலது தோளில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். சந்திரகலாவின் பழைய பருத்தித் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டியது. ஓரத்தில் சின்னச் சின்ன மாங்காய் டிசைன் தெரிந்தது.

பார்த்ததும் அர்பாப் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்தார். "என்ன ஆயிற்று? வலியா? ரொம்ப வலியா?"

"பழைய வலி சார். துப்பாக்கி உதைச்சு உதைச்சு வந்தது."

"அப்படியானால் சனிக்கிழமை உன்னால் முடியாது, இல்லையா?" அர்பாப் இன்னும் நெருங்கி வந்து அவர் கண்ணையே பார்த்தார். "முடியாதுதானே? முடியாது என்றால் சொல்லிவிடு. நான் எல்லோருக்கும் இப்போதே போன் செய்துவிடுகிறேன். கலாஸ், விஷயம் முடிந்தது."

கௌரிசங்கர் கட்டைத் தடவிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டார். சந்தேகப்படுகிறார். நாடகம் என்று கண்டுபிடித்துவிட்டார். முடியாது என்று வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறார், வந்ததும் திங்கட்கிழமை பேரை எழுதப்போகிறார்.

"சேச்சே, வந்துடுவேன் சார். வலது தோள் போனா என்ன, இடது தோள் இருக்கே."

அர்பாப் மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கலீலுர் ரஹ்மான் கேள்விப்பட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இடது தோளா? ஏன் கௌரி, வாயிலயாவது ஒரு கட்டுப் போட்டுக்கிட்டு வந்திருக்கக் கூடாது?"

சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டது. ஸ்வாதி வாசல்வரை வந்து, "ஆல் த பெஸ்ட் அப்பா," என்றாள். சந்திரகலா நெற்றியில் விபூதி வைத்தாள். போருக்கு அனுப்புகிற மாதிரி இருந்ததே தவிர, யார் எதிரி என்று அவருக்குப் புரியவில்லை.

கிளப்பில் நீளமான மேஜை. அதன்மேல் அந்த டெல்பர்ன் படுத்திருந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக, கறுப்பாக. ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்று மறுபடியும் தொடங்கினார்கள். மரம், பிளாஸ்டிக், பொத்தான், இத்தாலி. பேசினார்களே ஒழிய ஒரு கை அதன்மேல் படவில்லை.

"நீங்கள் முதலில்," என்றார் அபு ஹமது.

"விருந்தாளி நீங்கள், நீங்கள்தான் முதலில்," என்றார் அர்பாப்.

"வயதில் மூத்தவர் இருக்கும்போது நான் எப்படி?" என்று கார் உதிரிபாகக்காரர் ஓர் அடி பின்னால் போனார்.

"நான் மூத்தவன் என்று யார் சொன்னது?" என்று மூன்றாமவர் இரண்டு அடி போனார்.

நான்காமவர் போன் வருகிறதென்று ஜன்னல் பக்கமே போய்விட்டார். போன் அடித்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. மரியாதை இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து கால்மணி நேரம் ஓடியது. கடைசியில் நான்கு பேரும் அர்பாபைப் பார்த்தார்கள். அர்பாப் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கட்டுப் போடாத தோளில் கை வைத்தார்.

"கௌரிசங்கர், முதலில் நீ."

"ஒரு நிமிஷம் சார். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

பாத்ரூமுக்குப் போகவில்லை. கவுண்டருக்குப் பின்னால் காது மூடிகளைத் துடைத்து வரிசையாக மாட்டிக்கொண்டிருந்த நரைத்த தாடிக்காரர் முன்னால் போய் நின்றார். சட்டையில் மீராசா என்று பெயர் குத்தியிருந்தது. தோட்டா எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான்.

"பாய், தமிழா?"

"ராம்நாடு பக்கம் சார். என்ன, ஒங்களுக்கு ஒடம்பெல்லாம் இப்புடி வேர்த்துக் கெடக்கு?"

அவ்வளவுதான், கௌரிசங்கர் கொட்டிவிட்டார். கார் லிஃப்ட், கிழட்டு அமெரிக்கர், பலூன், துப்பட்டா, நாலாவது பேர், பன்னிரண்டாம் வகுப்பு, ஒன்றையும் விடவில்லை. "நான் இந்தச் சனியனைத் தொட்டதுகூட இல்ல பாய். இன்னிக்கு மானம் போகும், திங்கக்கிழமை வேலை போகும். எம்பொண்ணு படிப்பு பாதியில நிக்கும். துப்பாக்கி ரிப்பேர்னு ஏதாவது சொல்லி நிறுத்துங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"கால்லல்லாம் விழாதீங்க சார்." மீராசா இன்னொரு காது மூடியைத் துடைத்து மாட்டினார். "இன்னிக்கு அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கெடையாது. இன்னும் அஞ்சு நிமிசத்துல நானே அங்க வந்து சொல்லிருவேன்."

கௌரிசங்கருக்குப் புரியவில்லை. "எனக்காகவா? நான் இப்பத்தானே பாய் சொன்னேன்?"

"ஒங்களுக்கு எதுக்கு சார்? காலையில ஒங்க அர்பாப் தனியா வந்து, 'எனக்கு அதைப் பிடிக்கக்கூடத் தெரியாது மீராசா, அது மட்டும் கௌரிசங்கருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அப்பேர்ப்பட்ட ஆளு எங்கிட்ட வேலையில நிப்பாரா'ன்னு அழாத கொறையாக் கெஞ்சிட்டுப் போயிருக்காரு."

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்களே கண்ணுகளா, உங்கள் வீட்டில் வேலை நிலைக்கட்டும், விசா தேதி தள்ளித் தள்ளிப் போகட்டும், பிள்ளைகள் தொடங்கிய பள்ளிக்கூடத்திலேயே படிப்பை முடிக்கட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.