ஜெனோவாவில் கன்டெய்னர் போட்ட சண்டை

ஜெனோவா நகரத்தின் மீது சரித்திரத்தில் எத்தனையோ பேர் படையெடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரின் நடு வீதியில் நின்றுகொண்டு, "இதெல்லாம் ஒரு ஊருங்களா?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் கன்டெய்னர்தான். அப்போது பக்கத்தில் நின்றவன் நான். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கடலுக்கும் கோபிக்கும் ஒரு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனால் அவருக்கு வாய்த்ததோ கப்பல் வேலை. எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருளைக் கட்டி மேய்ப்பவர். அதனால் எங்கள் வட்டாரத்தில் அவர் பெயரே கன்டெய்னர் என்றாகிவிட்டது. உலகத்தைத் துறைமுகங்களின் ஐந்தெழுத்துக் குறியீடுகளாகத்தான் அவருக்குத் தெரியும். ஜெனோவா என்று யாராவது சொன்னால், "ஐ.டி.ஜி.ஓ.ஏ.ன்னு சொல்லுங்ண்ணா, அப்பத்தான் புரியும்" என்பார்.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நியூவார்க் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தால் போதும், அவருடைய காரின் வேகம் பாதியாகும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொண்டே திட்டுவான். "அடிக்கட்டுமுங். கப்பலு நிக்குதில்ல? பாக்கோணுமில்ல?" அந்த ஆளோடு ஒரே காரில் ஆபீஸ் போய் வந்த பாவத்துக்கு நானும் சேர்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கிரீன் கார்டுக்காகப் பதிமூன்று வருடம் காத்திருந்தார். வெளியே போனால் திரும்பி வர விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் எங்கும் நகரவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்தைக்கூட போனில்தான் பார்த்தார். கார்டு வந்ததும் ஊருக்கு ஒரு நடை போய் வந்தார். அடுத்த கோடையில் என் மனைவி வனஜா இத்தாலிக்குத் திட்டம் போடுவது அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஜெனோவா இருக்குதுங்களா?"

"ஒரு நாள் இருக்கு."

"அப்ப நானும் எம்பட ஊட்டுக்காரி பூங்கொடியும் வர்றோமுங்."

அந்த ஒரு நாளைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அம்மாள் நல்ல ஆங்கிலம் பேசினார். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பெரிய தேவாலயம், சித்திரக் கூரை போட்ட மாளிகைகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள் என்று பொறுமையாகக் காட்டினார். கன்டெய்னர் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "போர்ட் எங்கீங்?"

கொலம்பஸ் வீடு என்று ஒரு சின்னக் கல்வீட்டைக் காட்டியபோதுதான் முதல் வெடி.

"நாயமுங்களா இது? இந்த ஆளு நம்ம ஊரைத் தேடிக் கெளம்பி, ரூட்டை மிஸ் பண்ணி அமெரிக்காவுல போயி நின்னாரு. அவருக்கு வீடு, சிலை, டிக்கெட்டு! நானு ஒரு தப்பும் பண்ணாம நேரா நியூவார்க்குல எறங்குனேன். என்னையப் பதிமூணு வருசம் லைன்ல நிக்க வெச்சாங்க!"

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். வீடு மிகவும் பிடித்திருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

தேவாலயத்துக்குள் ஒரு குண்டு வைத்திருக்கிறார்கள். உலகப் போரில் கடலிலிருந்து சுட்டது, கூரையைத் துளைத்துக்கொண்டு வந்தும் வெடிக்கவில்லை. எல்லோரும் நெகிழ்ந்து நின்றார்கள். கன்டெய்னர் கணீரென்று சொன்னார்: "இந்த ஊர்ல கப்பல்ல இருந்து வந்த சரக்குன்னு இது ஒண்ணத்தான் காட்டியிருக்காங்க. அதுவும் டேமேஜ் இல்லாத டெலிவரி." ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி திரும்பி முறைத்தது என்னை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். "துளசித் துவையல்ல நூடுல்ஸப் பிசைஞ்சிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு" என்று வனஜா சொல்லி முடிப்பதற்குள் ஆளைக் காணோம். நாலரை மணிக்கு மிலான் பஸ். வனஜாவின் முகம் சிவந்துவிட்டது. பூங்கொடி மட்டும் அசையாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிரேன் எந்தப் பக்கம் தெரியுதோ, அந்தப் பக்கம் போயிப் பாருங்ண்ணா."

டாக்ஸி பிடித்தேன். சரக்குத் துறைமுகத்தின் வாசலில் எங்கள் கன்டெய்னர், நியூ ஜெர்சி ஆபீஸ் அடையாள அட்டையைக் காவலாளியின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். காவலாளி இத்தாலிய மொழியில் மறுக்க, இவர் கொங்குத் தமிழில் கொந்தளித்துக்கொண்டிருந்தார். "உம்பட டெர்மினலுக்கு வர்ற கப்பலுக்கு நேரங்குறிச்சு ஸ்லாட் போடறதே நானு! என்னைய உள்ள உடமாட்டியா?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காவலாளியிடமே அவரை ஒப்படைத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் நல்லவர். சிரித்துக்கொண்டே பழைய கலங்கரை விளக்கத்தைக் கையால் காட்டினார். அங்கே ஏறினால் துறைமுகம் முழுவதும் தெரியும் என்று சைகை செய்தார்.

நூற்று எழுபத்துச் சொச்சம் படிகள். ஒவ்வொரு படிக்கும் அவரை ஒரு வசவு வைதுகொண்டு ஏறினேன். மேலே போனதும் காற்று ஆளையே தள்ளியது. கீழே, வரிசை வரிசையாகக் கிரேன்கள். சிவப்பும் நீலமுமாக ஆயிரக்கணக்கில் பெட்டிகள். கன்டெய்னர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் வாய் மூடி நான் பார்த்தேன்.

அரை நிமிடம்தான். போன் கேமராவில் ஒரு கப்பலின் பேரைப் பெரிதாக்கிப் படித்தவர், "ஐயையோ!" என்று அலறினார். "இது காத்தாலயே கெளம்பியிருக்கோணும்! நாம்போட்ட ஸ்லாட்டுங்ண்ணா இது! இன்னும் நின்னுட்டிருக்குது பாருங்!"

அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார். நியூ ஜெர்சியில் அப்போது காலை நேரம். எதிர்முனையில் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தவரின் குரல் இறங்கியது. போனை வைத்தார்.

"என்னவாம்?" என்றேன் கடுப்போடு.

"காத்து அடிக்குதாமுங். காலைல இருந்தே கிரேனை ஓட்ட முடியாத காத்து."

அவருடைய சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

"பதிமூணு வருசமா இந்த ஊர்ல இருந்து 'காத்து, டிலே'ன்னு மெயில் வருமுங்ண்ணா. பொய் சொல்றாங்க, சோம்பேறிங்கன்னு மேல எழுதிப் போட்டுருவேன். எத்தன பேரு என்னால திட்டு வாங்குனாங்களோ."

பிறகு அந்த மனிதர், கீழே எறும்பு போலத் தெரிந்த துறைமுகத் தொழிலாளர்களை நோக்கி இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சுக்குங்க சாமீ" என்றார். அவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் வேறு பக்கம் திரும்பி, கடலைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன்.

பஸ் போய்விட்டது. அடுத்த ரயிலில் உட்கார இடமில்லை. மிலான் வரை நின்றுகொண்டே போனோம். வனஜா இரண்டு நாள் என்னிடமும் பேசவில்லை, அவரிடமும் பேசவில்லை. "இனிமே அந்தாளோட சேர்ந்து கோயிலுக்குக்கூட வர மாட்டேன்" என்று பூங்கொடியின் எதிரிலேயே சொன்னாள்.

போன வருடம் அவர்கள் டெக்சஸுக்கு மாறிப் போய்விட்டார்கள். இப்போது நான் ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்விடுகிறேன்.

சென்ற ஞாயிறு வனஜா லேப்டாப்பைத் திறந்து நேப்பிள்ஸுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டை, அரண்மனை, எரிமலை எல்லாம் பட்டியலில் இருந்தன. தேதி போடும் இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"கன்டெய்னருக்கு எந்த மாசம் லீவு கிடைக்கும்னு ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றாள்.