டாங்கை நிரப்பியது குறித்துத் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நீயும் உன் மூட்டுவலியும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், மாப்பிள்ளை காதில் விழும். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டுக்காரர் லேப்டாப்போடு இங்கே வருவதும், நாங்கள் இருவரும் ஜோடி சேர்ந்து கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுவதும் உனக்குத் தெரிந்ததுதான். உன் அண்ணி போனபிறகு இந்த வீட்டில் இன்னொரு மனிதக் குரல் கேட்பது அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே. இப்போது அதற்கும் கேடு வந்துவிட்டது.

போன மாதம் ஆன்லைனில் ஜோடிகளுக்கான போட்டி ஆரம்பித்தது. மாப்பிள்ளை மருந்துக்கடையில் மில்லிகிராம் பார்த்து வாழ்ந்தவர். "பாதி டாங்க் போதும் மச்சான், விமானம் லேசா இருந்தாத்தான் திரும்பும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு முழுசாக நிரப்பினேன். போதாததற்கு இறக்கைக்கு அடியில் இரண்டு கூடுதல் டாங்க் வேறு. முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டிய எனக்குப் பாரம் தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியும். ஆனாலும் கை கேட்கவில்லை. செங்கல் லோடு மேடு ஏறுகிற மாதிரி முனகிக்கொண்டு ஏறியது. எதிரி சின்ன வட்டம் போட்டான். நான் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு முடிப்பதற்குள் அவன் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான். "கூடுதல் டாங்க் ரெண்டையும் கழட்டி விடுங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். "நல்ல டாங்கை யாராவது தூக்கிப் போடுவாங்களா?" என்றேன். என்னைக் காப்பாற்றத் திரும்பிவந்த மனிதர் எனக்கு முன்பே சுடப்பட்டு விழுந்தார்.

அடுத்த வாரம் அவரே என் விசைப்பலகையைப் பிடுங்கிக் கால் டாங்க் வைத்தார். அடேயப்பா! நினைத்த பக்கம் திரும்புகிறது. வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டு விமானங்களை வீழ்த்தினேன். அந்தக் குஷியில், வாலில் தீ கக்கிக்கொண்டு பாய வைக்கும் ஆஃப்டர்பர்னரை அழுத்தியவன் எடுக்கவே இல்லை. அது எரிபொருளைக் குடிக்கவில்லை, கவிழ்த்துக் கொட்டியது. முள் பூஜ்யத்துக்கு வந்தது. எங்கள் விமானத்தளம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க, சத்தமில்லாமல் கடலில் இறங்கினேன். திரும்பி வந்து இறங்கினால்தான் வெற்றியாம். தோற்றோம்.

மாப்பிள்ளை லேப்டாப்பை மூடினார். "உங்கள நம்பி வந்தா நடுவழியிலதான் நிக்கணும் மச்சான்" என்றார்.

அவர் விளையாட்டைத்தான் சொன்னார். எனக்கு வேறு ஞாபகம் வந்தது. உன் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் பெட்ரோல் போடாமல் கிளம்பி, பாதி வழியில் கார் நின்றதே, அது. மற்ற எல்லோரிடமும் போக்குவரத்து நெரிசல் என்று சொன்னேன். உனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அந்த இருபது நிமிடம் முன்னால் போயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"இனிமே நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பதினோரு நாள் ஆகிறது. அவர் உட்காரும் நாற்காலியில் இப்போது துவைத்த துணி கிடக்கிறது, மடிக்க மனசில்லை. இனி நான் பறப்பதாக இல்லை. விமானம் ஓட்ட அவர் இங்கே வைத்திருக்கும் அந்த ஜாய்ஸ்டிக்கை யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல். இது என் முடிவான முடிவு. அண்ணியைப் பற்றிய பேச்சு மட்டும் அவர் காதுக்குப் போகக் கூடாது.

நீ நீண்ட ஆயுளோடும் வலியில்லாத முழங்காலோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் மணி அடித்தது. மாப்பிள்ளை. கையில் மருந்துச்சீட்டு மாதிரி ஒரு தாள்: போக இவ்வளவு, சண்டைக்கு இவ்வளவு, திரும்ப இவ்வளவு, ஆக டாங்கில் அறுபத்திரண்டு சதவீதம். "அன்னிக்கு கார் நின்னது, எல்லாத்தையும் அவ சொன்னா. எனக்குத் தெரியாது மச்சான்" என்றார். பிறகு துணியை எல்லாம் அவரே மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். உன் வாயில் ஒரு ரகசியம் தங்காது என்பது தெரிந்தும் உன்னிடம் சொன்னது என் தப்பு. ஜாய்ஸ்டிக் கேட்டு யாரையும் அனுப்பிவிடாதே, ஞாயிற்றுக்கிழமை பறக்கிறோம். அறுபத்திரண்டுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேன். எழுபது வைக்கப்போகிறேன். இதையாவது அவரிடம் சொல்லாதே.