வால்வு அண்ணன் பெண் பார்க்க வந்த கதை

மழை பெய்யாத நாளில் குடையை விரித்துப் பார்த்து, திருப்தியாக மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே நடந்து போகிற ஒரே மனிதர் எங்கள் வால்வு அண்ணன்தான். பதுளையில் மட்டுமல்ல, உலகத்திலேயே!

துபாயில், பணக்காரர்களின் குட்டி விமானங்களைப் பராமரிக்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பதுளை போர்டிங் விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. உயரத்தில் பறக்கும்போது இன்ஜின் வாயில் ஐஸ் பிடிக்குமாம். பிடிக்காமலிருக்க இன்ஜினின் சூட்டுக் காற்றையே குழாய் வழியாக அங்கே அனுப்புவார்களாம். அந்தக் காற்றைத் திறந்துவிடுகிற வால்வுதான் அண்ணனின் உயிர்.

"சும்மா கெடந்தா ஒட்டிக்கும் தம்பி. ஐஸ் பிடிச்ச பொறகு தொறக்கலைன்னா என்னா செய்வ? தரையில நிக்கிறப்பவே தொறந்து மூடிப் பாத்துடணும். பழுதாகுறதுக்கு முந்தியே மாத்திடணும்."

நல்ல கொள்கைதான். அதை விமானத்தோடு விட்டிருக்கலாம். நான் வாங்கி வந்த புதுச் செருப்பை, அறுவதற்கு முன்பே தைத்துக்கொண்டு வந்து நீட்டினார் மனிதர்.

இந்த நேரத்தில் பூனாகலையில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பாவோ தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய பழைய கங்காணி. முன்னே வந்த மாப்பிள்ளைகளைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் திருப்பி அனுப்பியவர். பெற்றவர்கள் இல்லாத எனக்காகப் பேச, பெரியவராக அண்ணனைக் கூட்டிப் போனேன். என் புத்தி எங்கே போனதோ!

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். "டிரைவர் தம்பி, வைப்பரை ஒருக்கா போடுங்க."

"மழையே இல்லையே ஐயா?"

"வந்த பொறகு ஓடலைன்னா?"

டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெண் வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். கங்காணி என் சம்பளத்தை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் எழுந்தார். சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாய். "இது ரொம்ப நாளா மூடியே கெடக்கு போல" என்று முறுக்கினார். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது! பீய்ச்சிய தண்ணீர் நேரே கங்காணியின் வெள்ளை வேட்டியில்.

அண்ணனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, ஒட்டியிருந்திச்சு! இதே வானத்துல நடந்திருந்தா?"

"வானத்துல எனக்கு என்னய்யா வேல!" என்று கங்காணி கத்தினார்.

போச்சு, எல்லாம் போச்சு! நான் பாய்ந்து போய் இரண்டு கையாலும் குழாயைப் பொத்தினேன். குசினியிலிருந்து துணியோடு ஓடி வந்தாள் பெண். "அப்புடி இல்லைங்க, நல்லா இறுக்கிப் புடிங்க" என்று என் கையோடு சேர்த்துத் துணியைச் சுற்றினாள். அவள் முகமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் போய் மேட்டிலிருந்த தொட்டியில் தண்ணீரை அடைக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

வேட்டி மாற்றி வந்த கங்காணி மகளைப் பார்த்தார். "என்னாம்மா சொல்ற? அனுப்பிடவா?"

"வேணாம்ப்பா. இவ்வளவு தண்ணியிலயும் அவங்க கைய எடுக்கல" என்றாள்.

கல்யாணத்தில் போட்டோக்காரர், "மாப்பிள்ளையோட அப்பா வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார். பந்தலின் மூலையில் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.