ஏழாம் லயத்தில் பிறந்தவன்

கையெழுத்துப் போட்ட எந்தத் தாளையும் நான் வாசித்ததில்லை. வங்கிப் படிவம், வேலைக் கடிதம், வாடகை அறைக்கான ஒப்பந்தம் எல்லாம் அப்படித்தான். (அறைக்குள் மீன் பொரிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம். பொரித்த பிறகுதான் தெரிந்தது.) ஆகவே கண்டி வாவிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்த ஓவியச் சந்தைக்கு விண்ணப்பித்தபோதும், உறுதிமொழிப் படிவத்தின் அடியில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். படம் சொந்தக் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும், வரைந்தவரே மேசைக்குப் பின்னால் இருக்க வேண்டும், படத்தைப் பற்றி எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. முதல் இரண்டிலும் என்னை யாரும் அசைக்க முடியாது. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பல்லேகலையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினி வேலை, குண்டசாலையில் ஒரு மாடி அறை. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. கூடப் பிறந்தவர் யாருமில்லை. சனி ஞாயிறுகளில் நான் வாய் திறப்பது கடையில் பாண் கேட்பதற்கு மட்டும்தான். மிச்ச நேரத்தில் படம் வரைந்தேன். ஓவியம்தான் என் உயிர் என்றெல்லாம் கதை விட மாட்டேன். கையில் தூரிகை இருந்தால் தனியாக இருப்பது கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

சந்தைக்கு வந்ததும் விற்பதற்காக இல்லை. இரண்டு நாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் நாலு பேர் வந்து பேசுவார்கள் என்ற நப்பாசை.

சனிக்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்னிடம் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். மற்றவரும் அதையேதான் கேட்டார். பக்கத்து மேசையில் யானை வரைபவர் ஒருவர் இருந்தார். அங்கே ஒரே கூட்டம். ஒவ்வொரு யானைக்குக் கீழும் ஓர் அட்டை: இந்த யானை சிறு வயதில் என்னைத் துரத்தியது, அந்த யானை தெல்தெனியப் பாதையில் துரத்தியது. (எண்ணிப் பார்த்தேன். மனிதரை மொத்தம் பதினொரு யானைகள் துரத்தியிருந்தன.) மக்கள் அட்டையை வாசித்தார்கள், "அப்படியா?" என்று கேட்டார்கள், அவரும் விடாமல் பேசினார். எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறு காலையில் நானும் ஓர் அட்டை எழுதினேன். என்னிடம் இருந்ததிலேயே பெரிய படம், கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அதன் கீழே வைத்தேன்: "இவர் என் அம்மா. தெல்தெனியவுக்கு மேலேயுள்ள தோட்டத்து லயம் ஒன்றின் வரிசை வீட்டில் நான் பிறந்தேன். அம்மாவின் கூடை நிரம்பியதால் என் வயிறு நிரம்பியது." தோட்டத்தின் பெயரையும் போட்டேன். அது ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையில் பார்த்த பெயர். (இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை பட்டது போதும்.) உண்மையில் என் அம்மா கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தேயிலையை அவர் கண்டது டீத்தூளாக மட்டுமே. கூடை நிரம்பியது என்று எழுதியபோது நானே உருகிப்போனேன்.

பத்து மணிக்கு ஓர் அக்கா வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. அட்டையை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, நானும் அந்தத் தோட்டந்தான்! பேரு சரோஜா. இங்க பல்லேகலையில கார்மென்ட்ஸ்ல வேல செய்றேன். நீங்க எந்த டிவிஷன்?"

அந்த நேரமே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றரை நாளில் கழிப்பறையைத் தவிர வேறு விஷயம் பேச வந்த முதல் மனுஷி அவர். எழுந்து என் கதிரையை அவருக்குக் கொடுத்தேன்.

"மேல் டிவிஷன்" என்றேன். எல்லாத் தோட்டத்திலும் மேல் என்று ஒன்று இருக்காமலா போகும்?

"அட, நம்ம டிவிஷன்! எத்தனாவது லயம்?"

"ஏழாவது."

"ஏழா?" என்று நிறுத்தினார். பிறகு, "ஓ, அந்தத் தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல?" என்றார்.

"அதேதான். பீலிச் சத்தத்துல தூக்கமே வராதுக்கா."

"அப்ப கறுப்பையா கங்காணியத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியாமலா? தங்கமான மனுஷன்."

"தவறிட்டாருல்ல தம்பி."

"ஐயையோ! எப்ப?" என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறுப்பையா யாரென்றே தெரியாது. ஆனால் ஒருவர் செத்த செய்தியை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வதை நான் கேட்டே நாளாகியிருந்தது. அம்மாவின் மரணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து போனில்தான் சொன்னார்கள். அன்றைக்கு வராத அழுகை கறுப்பையாவுக்காக வந்தது. சரோஜா அக்கா ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ரொட்டிப் பார்சலை எடுத்துப் பிரித்தார்.

ரொட்டியும் கட்டச் சம்பலும். ஆளுக்குப் பாதி. புருஷனும் இரண்டு பிள்ளைகளும் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். சம்பளம் வந்த பிறகு மாதம் ஒரு தடவைதான் போக முடிகிறதாம். என் படத்தைப் பற்றி மட்டும் ஒரு குறை சொன்னார்.

"கூடைய ஸ்கூல் பேக் மாதிரி தோள்ல மாட்டியிருக்காங்களே, தலையில கயிறு போடலியா? இடுப்புல படங்கு வேற இல்ல. செடியில உள்ள தண்ணியெல்லாம் சேலையிலதானே புடிக்கும்?"

"அம்மாவுக்கு அப்பிடித்தான் பழக்கம்" என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று வந்து அருகில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு நல்ல சந்தோஷம். அந்த ஞாயிறு முடியவே கூடாது என்றிருந்தது.

இரண்டு மணிக்குச் சந்தை ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்.

"தம்பி, உம்மட அட்டையைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்திருக்கு. கொழுந்து பறிக்கிறதைக் கண்ணால கண்ட ஆள் இப்பிடிப் படம் கீற மாட்டானாம். எழுதினது உண்மையெண்டால், அந்தத் தோட்டத்து ஆக்கள் ஆராவது இதில எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். இல்லாட்டில் மேசையைக் கழட்ட வேண்டி வரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா அக்கா எழுந்துவிட்டார். "நான் அந்தத் தோட்டந்தாங்க சேர். இது எங்க மேல் டிவிஷன் புள்ள. குடுங்க, நான் எழுதித் தாரேன்."

தாளை மேசையில் வைத்து, குனிந்து, தன் பெயரை எழுதத் தொடங்கினார். முதலில் 'ச'. அதன் பக்கத்தில், நிதானமாக, 'ரோ'. நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக்கு அவர் கவனமாகத் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"சேர், அவங்க எழுத வேணாம்" என்றேன். "அவங்களுக்கு என்னைத் தெரியாது. நான் டவுன்ல பிறந்தவன். எங்கம்மா டைப்பிஸ்ட்."

மண்டபம் முழுவதும் எங்களைப் பார்த்தது. யானைக்காரர் மட்டும் அவசர அவசரமாகத் தன் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டார். என் வாழ்க்கையிலேயே மிக மோசமான நொடி அதுதான். அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மேசையை நான் தனியாகத்தான் கழற்றினேன். படத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அக்கா அங்கே நிற்கிறார். படத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வாவிக் கட்டைச் சுற்றி பஸ் நிற்குமிடம் வரை இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில்தான் வாயைத் திறந்தார்.

"நான் பொய் சொல்லிக் காப்பாத்துனா, நீ உண்மையச் சொல்லி என்னைய மாட்டி விட்டுட்டியே!"

"பொய்யா? உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஏழாவது லயமுன்னு சொன்னப்பவே தெரியும். மேல் டிவிஷன்ல இருக்கிறதே ஆறு லயந்தான்."

"அப்ப கறுப்பையா கங்காணி?"

"அப்புடி ஒரு ஆளே இல்ல. சும்மா அடிச்சு விட்டுப் பாத்தேன். நீ அழுதுட்ட."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டேன்: "தெரிஞ்சும் ஏங்க்கா எழுந்து போகல?"

"ஞாயித்துக்கெழம. போர்டிங்குக்குப் போயி என்னா செய்ய?" என்றார். "சாய்ங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாமுன்னு பாத்தேன்."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். நான் குண்டசாலையில் இறங்கினேன். படம் அக்காவோடு போய்விட்டது. பிறகு ஒரு நாள் அக்கா பக்கத்தில் நின்று அதட்ட அதட்ட, கூடைக் கயிற்றைத் தலைக்கு மாற்றி, இடுப்பில் படங்கும் கட்டி விட்டேன்.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருடமாகிறது. தீபாவளிக்கு அக்கா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவார். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. பிள்ளைகளுக்கு நான் "ஏழாம் லயத்து மாமா". புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் அக்காவின் புருஷன் கறுப்பையாவின் சாவிலிருந்து கதையைத் தொடங்குவார். முடிந்ததும் எல்லோரும் ஊர்வலமாக ஆறாம் லயத்தைத் தாண்டி வெளியே வருவார்கள். அதற்கப்பால் ஒரு கொய்யா மரமும் வெறும் தரையும்தான் இருக்கும். "அந்தா தெரியுது பாருங்க, இவரு பொறந்த வீடு" என்று அக்காவின் புருஷன் கையைக் காட்டுவார்.

போன தீபாவளிக்குப் போனபோது அந்த வெறும் தரையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டிருந்தது. அக்காவின் சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒங்க வீடுதானே மாமா, ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

உட்கார்ந்தேன்.