வத்தளைக்கு வந்த மைக் அண்ணன்

உலகத்தில் மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர் ஒருவர்தான். அவர் யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். காலையில் பால் வெட்டுவார். தேர்தல் வந்தால் மாலையில் ஜீப்பில் ஏறி, கூப்பிட்ட கட்சிக்கு ஒலிபெருக்கியில் முழங்குவார். பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய் எல்லோருக்கும் அவர் மைக் அண்ணன்.

மேடைத் தமிழ் நாக்கில் ஒட்டிவிட்டது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வருத்தம் என்று கேட்டதற்கு, “பெருமதிப்புக்குரிய டாக்டர் ஐயா அவர்களே, எனது வயிறு தொடர்பாக இரண்டொரு வார்த்தைகள்” என்று தொடங்க, வார்டே எழுந்து உட்கார்ந்ததாம். அவர் ரகசியம் சொன்னால் மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பதில் வரும்.

ஒரு பொதுத் தேர்தலில் எங்கள் தோட்டத்துக்காரர் ஒருவரே வேட்பாளரானார். விருப்பு வாக்குக் கேட்டு லயம் லயமாகப் போன மைக் அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது, கைதட்ட இளசுகளே இல்லை. நாங்களெல்லாம் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலையில் இருந்தோம். “போயி எல்லாத்தையும் அள்ளிட்டு வர்றேங்க” என்று வேட்பாளரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நான் ஹோட்டலில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். இரும்புத் தகட்டுச் சத்தத்தையும் மீறி வாசலில் குரல் கேட்டது. “அன்புக்குரிய தோட்டத்துப் பிள்ளைகளே.” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏதோ கலவரம் என்று எழுந்துவிட்டார்கள்.

“அண்ணே, எங்க ஓட்டு இப்ப இங்கதாங்க. நாங்க தங்கியிருக்க போர்டிங் வீட்டுக்கார நோனா எங்க பேரையெல்லாம் இங்கயே பதிஞ்சிட்டாங்க” என்றேன்.

“அப்ப ஊர்ல?”

“ஊர்ல இல்லீங்க.”

அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். “நம்ம ஆளு தோத்துருவாருடா” என்றார். மெதுவாகச் சொன்னார். அதில்தான் நாங்கள் பயந்துபோனோம்.

அன்று மாலை போர்டிங்குக்கு வத்தளை வேட்பாளர் ஒருவர் ஆட்களோடு வந்தார். எங்கள் ஹோட்டலில் கோப்பை கழுவும் சேகருக்கு முன்னால் கைகூப்பி, “தம்பி, நம்மளுக்கு ஓட்டு போடுங்கோ” என்றார். சேகர் கொஞ்சமும் அசராமல், “குழாய்ல தண்ணி வர்றதில்ல மாத்தியா” என்றான். வேட்பாளர் குழாயடிக்கே போய்த் திறந்து பார்த்தார்.

மூலையில் நின்ற மைக் அண்ணன் அவர்கள் போன பிறகு கேட்டார்: “யாருக்குடா போடப் போறீங்க?”

“யோசிக்கணும்ணே.”

“ஊர்ல யாரும் இப்படி ஒவ்வொருத்தனாக் கேட்டதில்ல. யாருக்குப் போடணும்னு நான்தான் மைக்குல சொல்லுவேன்” என்றவர், மூலையிலிருந்து எங்கள் நடுவில் வந்து, “யோசிங்கடா, நல்லா யோசிங்க” என்றார்.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. தேர்தலன்று விடியற்காலையில், “வாக்காளப் பெருமக்களே, எழும்புங்க” என்றார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமும் எழுந்து வெளியே வந்துவிட்டது. எங்களை வரிசையாக நடத்திப் போய் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூட வாசலில் விட்டார்.

“ஊர்ல உங்க ஓட்டு என்னாகும்ணே?”

“அது கெடக்கட்டும். ஒருத்தனும் பயந்துகிட்டுத் திரும்பி வரக்கூடாது. உள்ள போங்க.”

எங்கள் தோட்டத்துக்காரர் தோற்றார். கொஞ்ச நாள் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தேர்தல் வந்ததும் ஜீப்பை அவரே அனுப்பிவைத்தார். வேறு குரலுக்கு எங்கே போவது?

வத்தளையில் அன்று நான் சாவடியிலிருந்து வெளியே வந்தபோது, மை பூசிய என் சின்ன விரலைப் பிடித்து அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதும் வாக்களித்துவிட்டு வெளியே வந்தால், விரலை நீட்டிக்கொண்டு வாசலில் அவரைத் தேடுகிறேன்.