உருகக் கூடாத ஐஸ்

ஐஸ் பெட்டியின் மூடியைச் சுற்றி ஓடும் ரப்பரை உருவி எடுத்து அலமாரியில் ஒளித்துவிட்டு, கூலிங்காரர் சமையலறை வாசலை எட்டிப் பார்த்தார். மனைவி குளியலறையில் பாடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிலத்து மேல இருக்கிற பனி உருகினா கடல் மட்டம் உயரும். மிதக்கிற பனி உருகினா உயராது. ஏன்? யார் சொல்றீங்க?" என்று வாளியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தெருவே அவரைக் கூலிங்காரர் என்றுதான் கூப்பிடும். குளிர்ச்சி வெளியே போய்விடாமல் அடைப்பதுதான் ஆயுசு முழுக்க அவர் பிழைப்பு. போனால் போகட்டும் என்று அவரே ரப்பரைக் கழற்றியது இதுதான் முதல் தடவை.

எல்லாம் அந்தக் கப்பலால் வந்த வினை. கடல் ஆய்வு மையம் ஒன்று, கடலையும் காலநிலையையும் வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது என்று அவளைப் போன்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இரண்டு கண்ணாடித் தொட்டி, களிமண், கையேடு எல்லாம் கொடுத்தது. அவற்றை வைத்து மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பார்க்க வரும் அதிகாரியம்மாவுக்குப் பிடித்துவிட்டால், ஆய்வுக் கப்பலில் இரண்டு வாரம்.

மனைவி கப்பலேறுவதில் அவருக்குப் பெருமைதான். அந்த இரண்டு வாரம் வீட்டில் இருக்க மாட்டாள் என்பதுதான் இடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இல்லாமல் அவர் ஒரு ராத்திரிகூடச் சாப்பிட்டதில்லை. 'போகாதே' என்று சொல்ல மனசு வரவில்லை. 'நீ இல்லாம என்னால முடியாது' என்று சொல்ல வெட்கம். வாயால் சொல்ல வேண்டியதை மனிதர் ஸ்க்ரூ டிரைவரால் சொன்னார்.

"என்னங்க, ஐஸ் ரெடியா?"

"ரெண்டு கட்டி. கல்லு மாதிரி இருக்கு."

"போய்ச் சேர்ற வரைக்கும் உருகக் கூடாதுங்க. அந்த அதிகாரியம்மா முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க."

"நான் செஞ்ச பெட்டி. உருகிடுமா என்ன?" என்றார்.

ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மடியெல்லாம் நனையுதே?"

"பெட்டிக்கு வேர்க்குது. அது சகஜம்."

"உங்களுக்குத் தண்ணியில போனா தலை சுத்துமா?"

"எனக்குத் தரையிலேயே சுத்துது. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்." பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு, "பிள்ளைங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் செஞ்ச பெட்டி, சாயங்காலம் வரைக்கும் ஐஸ் அப்படியே நிக்கும்னு. ஹெட்மாஸ்டர் நம்பல. வந்து பாருங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

கூலிங்காரருக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய் ரப்பரை மாட்டிவிடலாமா என்று நினைத்தார். நேரமில்லை. சீக்கிரம் போய்விட்டால் மிச்சமாவது தேறும் என்று வண்டியை விரட்டினார். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்க, மூடி ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து திறந்து மூடியது.

பள்ளி ஆய்வகத்தில் அதிகாரியம்மா ஏற்கெனவே காத்திருந்தார். வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தண்ணீரில், தேய்ந்துபோன சோப்பு மாதிரி இரண்டு துண்டுகள் மிதந்தன. அவர் உதட்டைப் பிதுக்கி, கையிலிருந்த தாளில் ஒரு கோடு போட்டார்.

மனைவி பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "பரவாயில்லங்க. உங்க தப்பில்ல" என்றாள் மெதுவாக.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நீ ஆரம்பி. இதோ வந்துட்டேன்" என்று ஓடினார்.

பக்கத்தில் ஐஸ் கிடைக்கிற ஒரே இடம் மீன் கடை.

"ஐஸ் மட்டும் போதுமா? யாருக்கு அடிபட்டுச்சு?" என்றாள் மீன்காரம்மா.

"யாருக்கும் இல்ல. பாடத்துக்கு."

அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவள் ஒரு கட்டியை உடைத்துக் கொடுத்தாள். அதை அள்ளிக்கொண்டு வந்து, தொட்டிக்குள் களிமண்ணால் செய்திருந்த மலையின் உச்சியில் வைத்தார். ஐஸுக்குள்ளிருந்து ஒரு மீன் வால் எட்டிப் பார்த்தது.

"டீச்சர், மலை மேல மீன் இருக்கு!"

"டீச்சர், மலை நாறுது!"

ஜன்னல் வழியாக ஒரு பூனை வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்தது. அதிகாரியம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கழுவிக் கொண்டு வர்றேன்" என்று கூலிங்காரர் ஐஸை வாரிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கழுவக் கழுவ நாற்றம் அப்படியே இருந்தது. ஐஸ்தான் கரைந்தது. கடைசியில் வால் மட்டும் கையில் மிஞ்சியது.

ஆசிரியர் அறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருப்பது நினைவுக்கு வந்தது. மேல்தட்டில் தட்டு நிறையத் தண்ணீர் இருந்தது, ஆனால் பாதிதான் உறைந்திருந்தது. தொழில் புத்தி விடுமா? ஃபிரிட்ஜை இழுத்துத் திருப்பி, முதுகுப் பலகையைக் கழற்றி, சீக்கிரம் உறையட்டும் என்று நேரடியாக ஒரு ஒயரைக் கொடுத்தார்.

டப்.

பள்ளி முழுக்க மின்விசிறிகள் நின்றன. ஆய்வகத்தில் திரையில் ஓடிக்கொண்டிருந்த கடல் மறைந்துபோனது.

"யாருய்யா அது?" என்று ஹெட்மாஸ்டர் கத்திக்கொண்டு வந்தார். கூலிங்காரர் கையில் ஒயரோடு திருதிருவென்று விழித்தார்.

ஒருவழியாக ஹெட்மாஸ்டரிடமிருந்து தப்பி ஆய்வக வாசலுக்கு வந்தபோது, உள்ளே ஒரே புழுக்கம். பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். நான் நினைத்ததுதானே நடந்திருக்கிறது, அப்புறம் ஏன் கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை என்று அவருக்கே புரியவில்லை.

மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். காலி ஐஸ் பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

"காலையில இதுக்குள்ள ரெண்டு பெரிய ஐஸ் கட்டி இருந்துச்சு. இப்போ பாருங்க. சொட்டுச் சொட்டா போனப்போ யாருமே கவனிக்கல. நான் மடியில வச்சுக்கிட்டுதான் வந்தேன், எனக்கே தெரியல. தெரிஞ்சதுக்கப்புறம் ஓடினோம். ஓடி ஓடி என்ன செஞ்சும் அந்த ஐஸ் திரும்ப வரல. கடல் விஷயத்துலயும் இதேதான் நடந்துக்கிட்டு இருக்கு."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், பெட்டியைச் சரியா மூடாதது யாரு?"

"அது யாருன்னு தேடுறதுக்குள்ள மிச்சமும் உருகிடும்மா" என்றாள் அவள்.

கதவுக்குப் பின்னால் கூலிங்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரியம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மனைவி வராந்தாவுக்கு வந்தாள்.

"கிடைச்சிடுச்சுங்க. அடுத்த மாசம் கப்பல்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தனியாதானே போகணும்" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ரப்பரைக் கழற்றியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹெட்மாஸ்டர் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவளிடம் மனசைத் திறந்து பேசியிருந்தால், இந்தத் திருட்டு வேலைக்கு அவசியமே இருந்திருக்காது. எப்படியும் அவள் போகத்தான் போகிறாள். அவர் தனியாகத்தான் சாப்பிடப் போகிறார்.

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். ஆய்வு மையத்து வேன் டிரைவர் கண்ணாடித் தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதமா செஞ்சிருக்கீங்கண்ணே. மூடியில ரப்பர் மட்டும் இருந்திருந்தா..."

"இருந்திருந்தா?"

"நீங்களும் கப்பல்ல போயிருக்கலாம்ணே. அங்க பனிக்கட்டி வைக்கிற குளிர் அறையைப் பார்த்துக்க ஒரு மெக்கானிக் வேணும்னாங்க, டீச்சர் உங்க பேரைத்தான் கொடுத்திருந்தாங்க, ஐஸ் உருகாம வருதான்னு பார்த்தது உங்களுக்கு வச்ச பரீட்சை!"